ஸ்டாண்டர்டு ஹெரால்டு வெளிநாட்டு வண்டியா?

5 ஜனவரி 2025, மாலை

இன்று காலை எங்கள் பழைய கார் கிளப் கண்காட்சிக்கு வந்தவர்களிடம் ஒரு கேள்வி. ஸ்டாண்டர்டு ஹெரால்டு எந்த ஊர் வண்டி?

எனக்குத் தெரிந்து சென்னையை ஒட்டிய பெருங்களத்தூர், ஆலை அங்கேதான் இருந்தது. ஆனால் வாசலில் நின்ற பையன் என் ஹெரால்டைப் பார்த்ததும் கையை நீட்டி, "ஃபாரின் கார் எல்லாம் அந்தப் பக்கம் சார்" என்றான். பின்னால் ஏழெட்டு வண்டி நிற்கிறது, தகராறு செய்ய முடியாது. போய் நின்றேன். ஒரு பக்கம் பென்ஸ், இன்னொரு பக்கம் எம்ஜி, நடுவில் 948 சிசியோடு நான். சம்பந்தி வீட்டுப் பந்தியில் தெரியாமல் உட்கார்ந்துவிட்டவன் கதைதான்.

எதிர் வரிசைக்கு 'இந்திய கார்கள்' என்று பலகை. அங்கே அம்பாசிடர் ஆறு, பத்மினி நான்கு. அம்பாசிடர் என்பது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. பத்மினி என்பது ஃபியட் 1100. அவை இந்திய வண்டி என்றால் என்னுடையது மட்டும் எப்படி வெளிநாடு? 1966 மாடல், மதராஸ் பதிவு, இன்றுவரை இந்த மாநிலத்தைத் தாண்டியதில்லை. பாஸ்போர்ட் இல்லாத வண்டியை ஃபாரின் என்கிறார்கள்.

பரிசு கிடைக்காத வயிற்றெரிச்சல் என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: ஆமாம், அதுவும்தான்.

6 ஜனவரி

வரலாறு கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 1903இல் தொடங்கிய கம்பெனி ஸ்டாண்டர்டு. அவர்களோடு சேர்ந்து 1948இல் மதராஸில் ஆரம்பித்ததுதான் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. முதலில் வான்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு 8, 10, பென்னன்ட், 1961இலிருந்து ஹெரால்டு, 1972இல் கெஸல். இங்கிலாந்தில் ஹெரால்டுக்குப் பெயர் ட்ரையம்ப் ஹெரால்டு, இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியை 1963இலேயே மூடிவிட்டார்கள். நாம்தான் 80களின் கடைசி வரை அந்தப் பெயரை ஓட்டினோம். அவர்கள் தலைமுழுகிய பெயரைக் கால் நூற்றாண்டு சுமந்த நமக்கு வெளிநாட்டு வரிசை!

6 ஜனவரி, இரவு

திருத்தம். கம்பெனியை மூடவில்லை, ஸ்டாண்டர்டு என்ற பெயரைத்தான் நிறுத்தினார்கள். கம்பெனி 1961இலேயே லேலண்டு கைக்குப் போய்விட்டது, ட்ரையம்ப் என்ற பெயரில் வண்டி வந்துகொண்டுதான் இருந்தது. சுட்டிக்காட்டிய பத்மினிக்காரருக்கு நன்றி. மனிதர் இதற்காகவே காத்திருந்த மாதிரி நாலு நிமிடத்தில் பதில் போட்டிருக்கிறார்.

9 ஜனவரி

"வரைபடம் அவன் போட்டது, எஞ்சின் அவனுடையது, நாம் நட்டு முடுக்கியதுதானே" என்று கேட்டிருக்கிறார் அம்பாசிடர்காரர். அவர் வண்டிக்கும் அதே கேள்வி பொருந்தும் என்பதை விட்டுவிடுவோம். முடுக்கியது என்றாரே, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன். ஹெரால்டு கதையே அங்கேதான் இருக்கிறது.

50களில் இங்கிலாந்தில் பெரும்பாலான கம்பெனிகள் தனி சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, விட்டுவிட்டு, உடலும் சட்டமும் ஒன்றாக இருக்கும் முறைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டுக்கு உடல் செய்து கொடுத்துவந்த கம்பெனியைப் போட்டியாளரான பிஎம்சி வாங்கிவிட்டது. பெரிய உடலை ஒரே துண்டாக அடித்துத்தர ஆள் இல்லை. சரி, துண்டு துண்டாகச் செய்வோம், தனி சேஸிஸ் மேல் போல்ட் போட்டு மாட்டுவோம் என்று முடிவு செய்தார்கள். உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கேலோட்டி. 1959இல் அங்கே சந்தைக்கு வந்தது. பார்ப்பதற்குப் புது வண்டி, அடியில் பழைய பாணி.

கட்டாயத்தில் பிறந்த அந்த யோசனைதான் மதராஸுக்கு வசதியாகப் போனது. பாகங்களாக வந்தால் தகடு அடிக்கும் பெரிய பிரஸ் இல்லாத இடத்திலும் வண்டி கட்டலாம். இன்றைக்கும் என் வண்டியின் கூரையை ஸ்பேனரால் கழற்றலாம். இன்ச் ஸ்பேனர்தான் வேண்டும், அது வேறு விஷயம். மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு போல்ட் தலையை வழித்தெடுத்த புண்ணியவான்கள் என் வண்டியைத் தொட்ட வரிசையில் மூன்று பேர்.

பானெட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஹெரால்டு வைத்திருப்பவன் இல்லை. இரண்டு பக்கக் கொக்கியை விடுவித்தால் மட்கார்டு, விளக்கு எல்லாவற்றோடும் முன்பக்கம் முழுவதும் முன்னால் சாய்ந்து திறக்கும். டயர் மேல் உட்கார்ந்து பிளக் கழற்றலாம். வால்வு செட்டிங் செய்யும்போது எனக்கு நாற்காலி வேண்டியதில்லை. முன்சக்கரம் திரும்பும் அளவும் அப்படி. 25 அடி வட்டத்தில் முழுசாகத் திரும்பிவிடும். மயிலாப்பூரில் மாடவீதிக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் புதிய கார்க்காரர்கள் மூன்று முறை முன்னே பின்னே போகும் இடத்தில் நான் ஒரே ஒடி. அப்போது முகத்தில் ஒரு சிரிப்பு வருமாம், வீட்டில் சொல்வார்கள்.

நான் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து "பானெட்டில் என்ன எழுதியிருக்கிறது" என்று கேட்டவருக்கு: அது அலங்காரம். இங்கே பேசுவது அதுவல்ல.

13 ஜனவரி

போகி. பழையதையெல்லாம் வாசலில் போடலாம் என்று ஆரம்பித்து, ஷெட் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள் என் மனைவி. அதோடு நிறுத்திக்கொண்டாள். முப்பது வருட தாம்பத்தியத்தில் இதைவிடப் பெரிய நட்புணர்வு நான் கண்டதில்லை.

20 ஜனவரி

ஐம்பது வயது தாண்டிய வண்டிக்கு 'விஏ' எண், அதாவது வின்டேஜ் பதிவு, வாங்கலாமா என்று தனியாகக் கேட்டவருக்கு இங்கேயே பதில்.

2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதி. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யாத இரண்டு சக்கர, நான்கு சக்கர வண்டிக்கு வின்டேஜ் பதிவு. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. சான்று பத்து ஆண்டு செல்லும். வாங்கினால் நம் மதராஸ் காலத்து எம்.எஸ். எண் போய்விடும், நடுவில் விஏ போட்ட புது எண் வரும். அதனால்தான் நான் வாங்கவில்லை.

ஒரு வேடிக்கை. அரசு கணக்கில் என் ஹெரால்டு வின்டேஜ். இங்கிலாந்து வின்டேஜ் கிளப் கணக்கில் 1930க்குப் பிறகு பிறந்த எதுவும் வின்டேஜ் இல்லை. உலகச் சம்மேளனமான ஃபிவா 30 வயதானாலே 'வரலாற்று வண்டி' என்று ஏற்றுக்கொள்ளும். ஒரே வண்டி, ஆளுக்கொரு ஜாதகம்.

21 ஜனவரி

நேற்று எழுதியதில் பாதி தப்பு. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். விஏ வரிசை, புதிதாகப் பதிவு செய்யும் வண்டிக்கு மட்டும். நான்கு வருடமாக இந்தத் தப்பான காரணத்தைச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன், கிளப்பில் இரண்டு பேரைத் தடுத்தும் இருக்கிறேன். அவர்களிடம் பேசிவிட்டேன். ஒருவர் சிரித்தார், ஒருவர் சிரிக்கவில்லை.

சரி, இப்போதாவது வாங்குவேனா? மாட்டேன். வேறு காரணம் கிடைத்துவிட்டது. அந்தப் பதிவு வாங்கிய வண்டியை அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று சிலவற்றுக்குத்தான் சாலையில் இறக்கலாம். நான் சனிக்கிழமைதோறும் கத்திரிக்காய் வாங்க ஹெரால்டில்தான் போகிறேன். காய்கறியை ஆராய்ச்சிக் கணக்கில் சேர்ப்பார்களா என்று மகள் கேட்கிறாள்.

துணி போட்டு மூடி, மாதம் ஒருமுறை துடைத்து, கண்காட்சிக்கு லாரியில் ஏற்றிவருபவர்கள் தாராளமாக வாங்கலாம். ஏற்றிவருவதைப் பற்றி எனக்குக் கருத்து உண்டு, இன்னொரு நாள் சொல்கிறேன்.

2 பிப்ரவரி

இன்று ஞாயிறு சந்திப்புக்கு நான் ஏன் வரவில்லை என்று நாலு பேர் போன் செய்தார்கள்.

வந்தேன். பாதி தூரம் வந்தேன். தெருமுனையில் இடதுபுறம் திரும்பும்போது, பத்து கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது, 'டங்' என்று ஒரு சத்தம். வண்டி இடது தோளைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் முன்சக்கரம் வெளியே படுத்திருக்கிறது. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர், "என்ன சார், சம்மணம் போட்டுடுச்சு" என்றார்.

ஆமாம், லாரியில்தான் வீட்டுக்குப் போனது. கருத்து இருக்கிறது என்று எழுதிய பன்னிரண்டாம் நாள். பத்மினிக்காரர் படம் எடுத்துவைத்திருக்கிறார் என்று கேள்வி. அழித்துவிட்டால் நல்லது.

3 பிப்ரவரி

கழற்றியாயிற்று. ட்ரன்னியன்.

ஹெரால்டு வைத்திருப்பவர்கள் இதை மட்டுமாவது முழுசாகப் படிக்கவும், மற்றவர்கள் தாண்டிப் போகலாம். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். அந்தக் கட்டைதான் ட்ரன்னியன். ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் மரை உள்ளேயே சுழல்கிறது. அதற்குள் போகவேண்டியது கியர் ஆயில், 90 நம்பர். கம்பெனி கையேட்டிலேயே ஆயில் என்றுதான் இருக்கிறது.

ஆனால் கிரீஸ் கன் வைக்கும் நிப்பிள் மாதிரி ஓர் இடத்தைப் பார்த்தால் நம் ஊரில் எந்தக் கையும் கிரீஸைத்தான் எடுக்கும். கிரீஸ் அடிவரை இறங்காது. மேலே கெட்டியாக அடைத்துக்கொண்டு நிற்கும். கீழே மழைத்தண்ணீர் தங்கும், மரை துரு பிடிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. பல வருடம் கழித்து ஒரு திருப்பத்தில் தண்டு முறியும். என்னுடையதில் முறிந்த முகத்தைப் பார்த்தேன். முக்கால்வாசி பழைய கறுப்புத் துரு, கால்வாசிதான் புதுசாகப் பளபளத்தது. அந்தக் கால்வாசியில்தான் போன வருடம் கல்யாணத்துக்குத் திருச்சி வரை போய்வந்திருக்கிறேன். குடும்பத்தோடு. இதை வீட்டில் சொல்லவில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.

மெக்கானிக்கைத் திட்டி இரண்டு வரி எழுதியிருந்தேன், எடுத்துவிட்டேன். ஆயில் போட்டால் தரையெல்லாம் ஒழுகுகிறது, கிரீஸே போடுங்கள் என்று பதினைந்து வருடம் முன்பு அவரிடம் சொன்னவன் நான். அவர் ஒருமுறை "ஆயில் இல்லையா சார்" என்றுகூடக் கேட்டார். கொஞ்சம் ஒழுகுவதுதான் அதன் நலம் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

11 பிப்ரவரி

பழைய பாகம் தேடிப் புதுப்பேட்டையில் இரண்டு நாள். ஜிபி ரோட்டில் ஒரு நாள். தண்டு ஒன்று கிடைத்தது, வலது பக்கத்துக்கானது. இடது பக்கத்து மரை எதிர்த்திசையில் ஓடும், மாற்றிப் போட முடியாது. கடைக்காரர் "நாலு கெஸல் உடைச்சேன் சார், போன வருஷம்தான்" என்றார். போன வருடம் நான் எங்கே இருந்தேன்?

கடைசியில் இங்கிலாந்திலிருந்துதான் வரவழைக்கிறேன். அங்கே ட்ரையம்ப் ஆட்கள் அதிகம், எல்லாப் பாகமும் புதிதாகவே செய்கிறார்கள். சாமான் விலையைவிட அனுப்பும் கூலியும் சுங்கமும் அதிகம். "உள்ளூர் வண்டிக்கு ஃபாரின் பார்ட்ஸா" என்று அம்பாசிடர்காரர் நக்கல். ஒத்துக்கொள்கிறேன், இந்த ஒரு அடி எனக்கு வலித்தது.

17 பிப்ரவரி

வண்டி நான்கு கட்டை மேல் நிற்கும்போது பெட்ரோல் வாசனை. தேடினால், பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் அழுத்தினால் நசுங்குகிறது, ஊறிய பஜ்ஜி மாதிரி. எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை இப்படித்தான் செய்யும். பம்ப்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வும் அதே ரகம்தான். எத்தனால் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்குங்கள், அதன் மேலேயே ஆர்9 என்று அச்சடித்திருக்கும். எஞ்சின் சூட்டுக்கு அரை அடி தூரத்தில் ஓடும் குழாய், இருபது முப்பது ரூபாய் மிச்சம் பார்க்கிற இடமல்ல.

இன்னொன்று, எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால் டேங்கின் அடியில் தண்ணீர் சேரும். ஓட்டுங்கள் என்று நான் கத்துவதற்கு இதுவும் காரணம். கத்துவதற்கு எனக்கு இப்போது தகுதி உண்டா என்பது வேறு.

2 மார்ச்

பார்சல் வந்தது. இரண்டு பக்கமும் புதுத் தண்டு, புது ட்ரன்னியன், 90 ஆயில். மெக்கானிக் ஆயில் கன்னை அழுத்த, கீழே ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. இருவரும் ஒன்றும் பேசவில்லை.

ஸ்டீயரிங் சுண்டுவிரலில் திரும்புகிறது. இத்தனை நாள் கனமாக இருந்ததை 'பழைய வண்டி அப்படித்தான்' என்று நினைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு சந்திப்புக்கு ஒரு யோசனை. வழக்கம்போல பெசன்ட் நகர் கடற்கரையில் காப்பி குடித்துவிட்டுக் கலையாமல், ஸ்டாண்டர்டு வண்டிகள் மட்டும் பெருங்களத்தூர் வரை போவோம். பிறந்த வீட்டுக்கு ஒருமுறை. (துரு பிடிக்கும் வண்டிகளைக் கடல் உப்புக்காற்றில் நிறுத்திப் பேசலாம் என்று முதன்முதலில் சொன்ன மேதை யார்? எட்டு வருடமாகக் கேட்கிறேன்.)

9 மார்ச், மதியம்

ஏழு வண்டி. ஹெரால்டு நான்கு, ஸ்டாண்டர்டு 10 ஒன்று, கெஸல் ஒன்று, ஸ்டாண்டர்டு 2000 ஒன்று. அம்பாசிடர்காரரும் வந்தார், வேடிக்கை பார்க்க. எல்லாம் ஓடியே வந்தன.

ஆறேகாலுக்குக் கிளம்பி வேளச்சேரி, தாம்பரம் வழியாக. ஞாயிறு காலையிலேயே ஜிஎஸ்டி ரோட்டில் அவ்வளவு பேருந்து, கிளாம்பாக்கம் நிலையம் வந்த பிறகு இப்படித்தான். சிக்னலில் ஏழு வண்டியும் சேர்ந்து நின்றபோது பக்கத்துப் பேருந்தில் ஒரு பெரியவர் எழுந்து நின்று பார்த்தார். கெஸலைப் பார்த்துத்தான் கை நீட்டினார், ஹெரால்டை இல்லை. கெஸல்காரர் அதை இதுவரை ஐந்து முறை சொல்லிவிட்டார்.

நாலு கதவு ஹெரால்டு பற்றி ஒரு விஷயம். அது இங்கிலாந்திலும் வந்ததுதானே என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். இல்லை. அங்கே இரண்டு கதவு மட்டும்தான். நாலு கதவு நமக்காகவே 60களின் பிற்பகுதியில் இங்கே செய்தது. புடவை கட்டிய மாமியாரை ஹெரால்டின் பின் இருக்கைக்கு ஏற்றிய அனுபவம் உள்ள எவருக்கும் ஏன் என்று விளக்க வேண்டாம். கெஸலில் இன்னொன்றையும் மாற்றினார்கள். ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும், ஆளை ஏற்றினால் ஒரு மாதிரி, ஏற்றாவிட்டால் ஒரு மாதிரி நிற்கும். நம் மெக்கானிக்குகளுக்கு அது பிடிக்கவில்லை. கெஸலில் ஒரே தண்டாக ஆக்சில் போட்டுவிட்டார்கள். இரண்டும் என் வாதத்துக்குப் பலம் சேர்க்கும் செய்திகள். இவ்வளவு நாள் தெரியாமல் வாதாடியிருக்கிறேன்.

ஸ்டாண்டர்டு 2000 பற்றிப் பேச ஆரம்பித்தால் முடியாது. ரோவரின் அழகான உடலுக்குள் வான்கார்டு பரம்பரை எஞ்சினை வைத்தார்கள். மூன்று நான்கு வருடத்தில் கதை முடிந்தது. வைத்திருப்பவர் நல்ல மனிதர், அவர் முன் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

9 மார்ச், இரவு

மதியம் எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன்.

பழைய ஆலை இருந்த பக்கம் இப்போது கண்ணாடிக் கட்டடமும் அடுக்குமாடியும்தான். எந்த இடத்தில் வாசல் இருந்தது என்று எங்களுக்குள்ளேயே சண்டை. ஓரமாக டீக்கடை அருகே நிறுத்தினோம். டீக்கடைக்காரர் சொல்லி அனுப்ப, பக்கத்துத் தெருவிலிருந்து எழுபத்தைந்து வயதுக்கு மேல் ஒருவர் மெதுவாக நடந்து வந்தார். ஆலையில் இன்ஸ்பெக்‌ஷனில் வேலை பார்த்தவராம்.

கண் கலங்குவார், வண்டியைத் தடவிக்கொடுப்பார் என்றெல்லாம் நாங்கள் போனை எடுத்துத் தயாராக நின்றோம். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு வண்டியாகச் சுற்றிவந்தார். கதவை ஒருமுறை திறந்து மூடி இடைவெளி பார்த்தார். "இது சரியா உட்காரல." அடுத்தது. "இந்தக் கலர் நாங்க அடிச்சதே இல்ல." ஸ்டாண்டர்டு 10இன் அருகில் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பாராட்டு என்று பிறகு புரிந்தது.

என் வண்டிக்கு வந்தார். நான் முந்திக்கொண்டு என் வாதத்தைச் சொன்னேன், ஐயா, இதை வெளிநாட்டு வரிசையில் நிறுத்தினார்கள் என்று. அவர் பானெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ட்ரையம்ப்னு போட்டிருக்கே."

"அது பின்னாடி நான் வாங்கி மாட்டினதுங்க."

"நாங்க அப்படி ஒரு வண்டி செய்யலையே தம்பி."

அவ்வளவுதான். டீயை வாங்கிக்கொண்டு கெஸல் பக்கம் போய்விட்டார்.

10 மார்ச்

ஜனவரியில் பானெட்டைப் பற்றிக் கேட்டவருக்கு, அலங்காரம் என்று சொல்லி வாயை அடைத்ததற்கு மன்னிக்கவும். 2012இல் ஏதோ ஓர் ஆசையில் இங்கிலாந்திலிருந்து அந்த ஏழு எழுத்தையும் வரவழைத்து, நானே துளை போட்டு மாட்டினேன். உருவம் ஒன்றுதானே, ட்ரையம்ப் என்று இருந்தால் கொஞ்சம் பெருமை என்று நினைத்தேன். உண்மை அதுதான். கண்காட்சி வாசலில் நின்ற பையன் என்ன செய்வான், எழுதியிருந்ததைப் படித்தான். அவனைத் தவிர எல்லோரையும் குறை சொல்லி இரண்டு மாதம் எழுதித் தள்ளியிருக்கிறேன். அவனையும் சொன்னேனோ?

இன்னொன்றும் மனதில் ஓடுகிறது. அந்தப் பெரியவரிடம் புறப்படும்போது கேட்டேன், உங்கள் கணக்கில் ஹெரால்டு எந்த ஊர் வண்டி என்று. "டிராயிங் அங்கேருந்து வந்தது. ரிஜக்ட் பண்ணது நான்" என்றார். இதை என் வாதத்துக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வதா பாதகமாகவா என்று தெரியவில்லை. இரவு முழுக்க யோசித்துச் சாதகம் என்றே வைத்துக்கொண்டேன்.

10 மார்ச், மாலை

பானெட் எழுத்து விவரம் கேட்டு அம்பாசிடர்காரர் சிரித்தது அடையாறு வரை கேட்டிருக்கும்.

23 மார்ச்

எழுத்துகளைக் கழற்றிவிட்டேன். இப்போது பானெட் முகப்பில் வரிசையாகத் துளைகள், அம்மைத் தழும்பு மாதிரி. டிங்கர் ஈயம் வைத்து அடைத்துவிடலாம் என்கிறார், பெயின்ட் முழு பானெட்டுக்கும் அடிக்க வேண்டும். மெட்டாலிக் வேண்டாம், பழைய நிறம்தான் என்றேன். எந்தப் பழைய நிறம் என்று கேட்டார். அதற்குத்தான் பெருங்களத்தூர்க்காரர் இருக்கிறாரே. அடுத்த வாரம் பெயின்ட் அட்டையோடு அவர் வீட்டுக்குப் போகிறேன். டிக்கி விரிப்புக்கு அடியில், வெயில் படாத இடத்தில் பழைய பெயின்ட் கொஞ்சம் தப்பியிருக்கிறது, வெளிர்ப் பச்சை. அவர் ஒத்துக்கொண்டால் அது.

கிளப் செயலாளரிடமும் பேசினேன். அடுத்த கண்காட்சியில் 'மதராஸில் கட்டிய வண்டிகள்' என்று தனி வரிசை வைக்கலாம் என்று அவரே சொன்னார். என் பேட்ஜ் விஷயம் அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். எல்லோருக்கும் தெரியும் என்றார்.

6 ஏப்ரல்

தனி வரிசைக்கு இடம் ஒதுக்கிய வரைபடம் வந்திருக்கிறது. ஜெனரேட்டருக்குப் பக்கத்தில். மரநிழல் முழுவதும் பென்ஸுக்கு. இதைப் பற்றி இங்கே எழுதுவதில்லை என்று முடிவு செய்து, எழுதிவிட்டேன்.

நிறம் வெளிர்ப் பச்சைதான். பெரியவர் டிக்கிக்குள் தலையை விட்டுப் பார்த்து "ம்" என்றார்.

இரண்டு வேண்டுகோள். ஒன்று, ஸ்டாண்டர்டு பெயர் பேட்ஜ், பானெட்டுக்கானது, பழையதோ வளைந்ததோ, யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். புதுப்பேட்டையில் ஸ்டாண்டர்டு 20 வேனுடையது ஒன்று கிடைத்தது, இனி வேறு வண்டியின் பெயரை என் வண்டியில் ஒட்டுவதாக இல்லை. இரண்டு, அடுத்த ஞாயிறு வரும் ஹெரால்டுகாரர்கள் ஆளுக்கு அரை லிட்டர் 90 ஆயில் கொண்டுவாருங்கள். ஆயில் மட்டும் போடும் கன் ஒன்று தனியாக வாங்கிவைத்திருக்கிறேன், கிரீஸ் தொடாதது. ட்ரன்னியன் எட்டுதான், அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். கீழே விரிக்கப் பழைய செய்தித்தாள் நான் கொண்டுவருகிறேன், ஒழுகும்.